வட்டுக்கு இடமுண்டு; பெயருக்கு இல்லை

பேரளவு வன்வட்டுகளைத் தாங்கும்படி கோப்பு முறைமைகள் விரிந்துவிட்டன என்று பெருமை பேசுவோரிடம் ஒரு கேள்வி: யாருக்காக விரிந்தன? லினக்ஸின் எக்ஸ்ட்3, 4 கிலோபைட் தொகுதிகளுடன் 16 டெராபைட்டில் நின்றது. தொகுதி எண்ணை 32 பிட்டிலிருந்து 48 பிட்டாக்கி, 2008இல் எக்ஸ்ட்4 அவ்வெல்லையை 1 எக்சாபைட்டாக உயர்த்தியது, 65,536 மடங்கு! கோப்புப் பெயரின் எல்லையோ அன்றும் இன்றும் 255 பைட்டுகளே.

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் உரோமன் எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழில் உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் மூன்று. புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் மேலும் மூன்று. ‘எருத்தேன்பதி’ ஏழெழுத்து, 36 பைட்டு, உரோமனில் 12. ஊர், பேசுநர், பொருள், நாள் எனக் கள ஒலிப்பதிவுக்குப் பெயரிடுவோர் விரைவில் இச்சுவரில் முட்டுவர்.

‘உரோமனில் எழுதிவிடுங்களேன்’ என்பது தீர்வன்று. ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடும் பெயர்களைக் கொண்டு எல்லையோரத் தமிழின் சொற்களை எவ்வாறு தேடுவது?

பெயரெல்லையை நீட்டினால் பழைய நிரல்கள் முறியும் என்பர். வட்டுக்காகத் தொகுதி எண்ணை நீட்டியபோதும் பழைய அமைப்பு மாறத்தானே செய்தது? விண்டோஸின் என்டிஎஃப்எஸ், பெயரைப் பைட்டால் அளக்காமல் 255 யூடிஎஃப்-16 அலகுகளால் அளக்கிறது. அங்கே ‘எருத்தேன்பதி’ 12 அலகுகளே. ஆகவே இது இயலாமையன்று, முன்னுரிமை. கேரளப் பள்ளிகள் லினக்ஸை ஏற்றுள்ள நிலையில், இதைக் கேட்கும் கடமை நமக்குண்டு.