விரலுக்கேத்த வீக்கம்: பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு டர்போ எதுக்கு?

ஊர்ல பழைய பெட்ரோல் ஜீப்பையோ, பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டின பிக்கப்பையோ வச்சிருக்கிற இளவட்டங்களுக்கு இப்போ ஒரு புது ஆசை. அதுக்கு டர்போ மாட்டணுமாம். அமெரிக்காவுல பழைய ஃபோர்டு, செவர்லே டிரக்குகளுக்கு டர்போ மாட்டிச் சீறவிடுற வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. பட்டறையில டீ குடிக்கிற நேரமெல்லாம் இதே பேச்சுதான். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: சுமை ஏத்திப் பிழைக்கிற வண்டிக்கு இது வேண்டாத வேலை.

நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கார்புரேட்டர்ங்கிறது பழைய கொசுமருந்து பம்பு மாதிரிதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காத்தை உறிஞ்சும். அந்தக் காத்து ஒரு குறுகலான தொண்டை வழியா வேகமாப் போகும்போது, பக்கத்துல இருக்கிற பெட்ரோலைச் சின்ன ஜெட் வழியா இழுத்துத் தூவிக்கும். கம்ப்யூட்டரும் இல்ல, சென்சாரும் இல்ல. டர்போ வேற சங்கதி. சைலன்சர் வழியா வீணாப் போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே அச்சுல இன்னொரு பக்கம் இருக்கிற சக்கரம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல கூடப் போகும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூகி 1905லயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

ஆசைப்படுறதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மலை ஏற ஏறக் காத்து லேசாகுது. 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற ஊட்டியில, கடல்மட்டத்தைவிட ஐந்துல ஒரு பங்கு காத்து கம்மி. அந்த அளவுக்கு இன்ஜின் இழுவையும் குறையும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானங்கள்ல டர்போ வச்சாங்க. அதனால டர்போவை நான் குறை சொல்லல. அதை எதுல கொண்டுபோய் ஒட்டுறோம்ங்கிறதுதான் கேள்வி.

கார்புரேட்டர் உறிஞ்சுற காத்துக்காகச் செஞ்ச சாமான். தள்ளுற காத்துக்குச் செஞ்சது இல்ல. டர்போவை அதோட சேர்க்க ரெண்டு வழி இருக்கு. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னாடி வச்சா, பெட்ரோல் கலந்த காத்து டர்போவுக்குள்ள போகும். கால எடுத்தவுடனே அங்க உறிஞ்சல் அதிகமாகி, சீல் சரியில்லைன்னா ஆயிலையும் சேர்த்து இழுத்து நீலப்புகை கக்கும். பின்னாடி வச்சா, அழுத்தமான காத்து கார்புரேட்டருக்குள்ள வரும். மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் கொடுக்கலைன்னா பெட்ரோல் ஜெட்டு வழியா வராது. பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு தர்ற அழுத்தமும் பத்தாது. சரியா முழுச் சுமையில, மேட்டுல, மிதிச்சுப் பிடிக்கிற நேரத்துல பெட்ரோல் பஞ்சமாகும். அப்போ உள்ள சூடு ஏறிப் பிஸ்டன் தலையில ஓட்டை விழும்.

"டீசல் வண்டிங்க எல்லாம் டர்போவோடதானே ஓடுது?"ன்னு கேப்பாங்க. டீசல் இன்ஜின் வெறும் காத்தை மட்டும் அமுக்கும், கடைசி நேரத்துலதான் டீசல் உள்ள வரும். பெட்ரோல் இன்ஜின்ல காத்தும் பெட்ரோலும் சேர்ந்தே அமுங்குது. அளவுக்கு மேல அமுக்கிச் சூடாக்கினா, பிளக் பொறி பத்தவச்சது போக மிச்சம் தானாவே குபீர்னு பத்திக்கும். அதைத்தான் மெக்கானிக் "நாக்கிங்"னு சொல்றார். "பழைய இன்ஜின்ல கம்ப்ரஷன் கம்மி, தாங்கும்"னு ஒரு வாதம் வரும். புதுசா இருந்தப்போ தாங்கியிருக்கும். நாப்பது வருஷம் தேஞ்ச ரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் தாங்குமா?

இது நம்ம பட்டறைக்காரங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. 1962ல அமெரிக்காவோட ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி, கார்புரேட்டரும் டர்போவும் சேர்ந்த ஜெட்ஃபயர் காரைக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர், 215 குதிரைத்திறன். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில ஊத்தணும். வாங்கினவங்க பலர் ஊத்த மறந்தாங்க. ரெண்டே வருஷத்துல மாடலை நிறுத்தினாங்க. அப்புறம் கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டுச் சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. பொறியாளர் பட்டாளம் வச்சிருந்த கம்பெனிக்கே அந்தக் கதி!

இன்னொரு விஷயம் இழுவை. திண்டுக்கல்லுல இருந்து சிறுமலைக்கு ஏறினா 18 கொண்டை ஊசி வளைவு. வாழைத்தார் ஏத்தின வண்டி ஒவ்வொரு வளைவுலயும் கிட்டத்தட்ட நின்னு, திரும்பி, மறுபடி கிளம்பணும். அந்த நேரத்துல இன்ஜின் சுத்து கம்மி, புகையும் கம்மி. டர்போ தூங்கிட்டு இருக்கும். வளைவைத் தாண்டி அது முழிச்சுக்கிட்டுத் திடீர்னு தள்ளும்போது நமக்கு அந்தத் தள்ளு தேவையே இல்ல. சுமை வண்டிக்குத் தேவை கீழ்ச்சுத்துல இழுவையும் சரியான கியரும்தான். 2005ல வந்த டாடா ஏஸ், நம்ம குட்டியானை, வெறும் 16 குதிரைத்திறன், டர்போவும் கிடையாது. தமிழ்நாட்டுச் சந்தை பாதியும் அது முதுகுலதான் ஏறி வந்துச்சு.

இன்ஜினுக்குப் பலம் கூட்டினா பிரேக்குக்கு யார் கூட்டுறது? பழைய டிரம் பிரேக், பழைய ரேடியேட்டர், பழைய ஆக்சில் எல்லாம் அந்த 70, 75 குதிரைக்குக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. ஏறுறது பாதிப் பயணம்தான். இறங்குறப்போ டர்போ உதவிக்கு வராது. "இப்பத்தான் இழுக்குதே, இன்னும் பத்து மூட்டை போடு"ன்னு வியாபாரி சொல்லுவார். பின்னாடி மூட்டை மேல உக்காந்து வர்ற லோடுமேனுக்கு டர்போவும் தெரியாது, பூஸ்ட்டும் தெரியாது. அவர் நம்புறது டிரைவரை மட்டும்தான். என் கவலை முழுக்க அவரைப் பத்தித்தான்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்துறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. விபத்துன்னு ஒண்ணு ஆனா, இன்சூரன்ஸ்காரர் முதல்ல பானெட்டைத்தான் திறப்பார்.

அப்போ இழுக்காத வண்டிக்கு என்னதான் வழி? அந்தக் காசுல முதல்ல கம்ப்ரஷன் செக் பண்ணுங்க. ரிங், வால்வு தேஞ்சிருந்தா சரி பண்ணுங்க. பற்றவைப்பு நேரத்தைச் சரியா வைங்க. மலையிலேயே ஓடுற வண்டின்னா ஜெட்டைச் சின்னதா மாத்துங்க. காத்து கம்மியான இடத்துல பழைய ஜெட் பெட்ரோலை அதிகமா ஊத்தி, கரும்புகையும் மந்தமும்தான் தரும். ரேடியேட்டரைக் கழுவுங்க, பிரேக் லைனிங் மாத்துங்க. பாதி வண்டிங்க இதுலயே பழைய இழுவைக்கு வந்துடும். அதுக்கு மேலயும் பலம் வேணும்னா, டர்போவோடயே பொறந்த டீசல் பிக்கப்பைப் பழசாவே வாங்கிக்கலாம்.

நகரத்துல ஆசைக்கு ஒரு பழைய ஜீப் வாங்கி, ஞாயித்துக்கிழமை பிரிச்சு மேயுறவங்களை நான் தடுக்கல. அது உங்க பொம்மை, உங்க காசு. எங்க வண்டி நடுவழியில நின்னா, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பிளக் ஸ்பானரும் வச்சு, ஜெட்டை ஊதிப் போட்டு வீடு வந்து சேரணும். அதுதான் பழைய கார்புரேட்டர் வண்டியோட ஒரே பெரிய பலம். டர்போ மாட்டினா முதல்ல போறது அந்தப் பலம்தான்.