உடம்புப் புதிரும் வேதாரண்யத்து உப்பும்

பொம்மைக் கடைகளில் மனித உடல் ஜிக்ஸா என்று ஒரு அட்டைப்பெட்டி கிடைக்கும். பார்த்திருப்பீர்கள். நுரையீரலுக்கு ஒரு துண்டு, கல்லீரலுக்கு ஒரு துண்டு, குடலுக்கு ஒரு சுருள். அதனதன் பள்ளத்தில் அதனதன் துண்டை அமுக்கினால் ஆட்டம் முடிந்தது. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்கலாம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். சுத்தப் பொய்! கல்லீரல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தப் பெட்டி சொல்லும். அங்கே உட்கார்ந்துகொண்டு அது என்ன செய்கிறது என்று கேட்டால் பெட்டிக்கு வாய் வராது. வீட்டின் வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் குடித்தனம் எப்படி நடக்கிறது என்று காட்டியாயிற்று என்றால் எப்படி?

இந்த வகையறாவில் புகழ்பெற்ற ஆட்டம் 1965-ல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட 'ஆபரேஷன்'. பலகையில் படுத்திருக்கும் நோயாளியின் உடம்பிலுள்ள ஓட்டைகளிலிருந்து சின்னச்சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஓரத்தில் பட்டால் மூக்கில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் கத்தும். வயிற்றிலிருந்து எடுப்பது ஒரு பட்டாம்பூச்சி! கை நடுங்காதவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். (அதைக் கண்டுபிடித்த ஜான் ஸ்பினெல்லோ உரிமையை விற்றது வெறும் 500 டாலருக்கு. 2014-ல் அவருக்கே ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டபோது கையில் காசில்லாமல், பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. ஹூம்... என்ன சொல்ல!)

பொம்மைக் கம்பெனிகளைத் திட்டி என்ன பயன்? நம் தேர்வுத்தாள்களும் அதே ஜிக்ஸாதானே! "படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்." நெஃப்ரானை நெளிநெளியாக வரைந்து, ஸ்கேலை வைத்து அம்புக்குறி போட்டு, ஹென்லே வளைவு என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்த வளைவு ஏன் வளைந்திருக்கிறது, நேராக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி வருவது அபூர்வம். புதிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

புதிர் என்றால் விடை மறைந்திருக்க வேண்டும். தப்பாக ஒரு அடி வைத்தால் ஏதாவது கெட வேண்டும். கெட்டதைப் பார்த்து ஆடுபவருக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். இப்படி ஒரு ஆட்டம் இணையத்தில் இருந்தது. நோபல் பரிசுத் தளம் வெளியிட்ட ரத்த வகை கண்டறியும் விளையாட்டு. விபத்தில் சிக்கிய நோயாளி வருவார். ரத்தம் எடுத்து மூன்று குழாய்களில் விட்டு, எதில் திரிகிறது, எதில் திரியவில்லை என்று பார்த்து, வகையைக் கண்டுபிடித்து, பொருந்துகிற பையை ஏற்ற வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை. 'ஓ' வகைக்காரர் ரத்தத்தை மற்றவர்களுக்கு ஏற்றலாம், அவருக்கு மட்டும் ஏன் மற்றவர்களுடையது ஆகாது என்பதை நாலு நோயாளிகளைப் பார்த்ததும் ஆடுபவரே பிடித்துவிடுவார். ரத்த வகைகளைக் கண்டுபிடித்ததற்காக கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் நோபல் பெற்றது 1930-ல்.

1930 என்றதும் வேதாரண்யத்துக்காரர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, ஏப்ரல் 30-ல் அங்கே உப்பு அள்ளிக் கைதானார். உப்புச் சத்தியாக்கிரகம் வரலாற்றுப் பாடத்தில் வரும். அகஸ்தியம்பள்ளி உப்பளம் புவியியலில் வந்தாலும் வரும். ஆனால் அந்த உப்பு மனித உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புதிராகப் போட்டுக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. உடம்பைப் பற்றிய ஆட்டத்துக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

முதல் புதிர். சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று நாள் முழுக்க உப்பு வாருகிறவர். சுற்றிலும் உப்பு, காலடியில் உப்பு. தாகத்துக்குக் குடம் குடமாய் வெறும் தண்ணீர் குடிக்கிறார். சாயங்காலம் கால் தசை முறுக்கிப் பிடிக்கிறது, தலை சுற்றுகிறது. என்ன குறைந்தது? உப்பு! கடும் வெயிலில் உழைக்கும் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம், அதோடு உப்பும் போகும். போனதற்கு ஈடாக வெறும் தண்ணீரை மட்டுமே ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். உப்புக்கு நடுவே நின்று உப்புக் குறைந்து விழுகிறார் மனிதர். உப்புப் போட்ட நீராகாரத்தையும் மோரையும் தூக்குவாளியில் கொண்டுபோன தலைமுறை இந்தப் புதிரைப் பெயர் தெரியாமலே விடுவித்திருந்தது.

இரண்டாவது. ஆறுகாட்டுத்துறையிலிருந்து போன படகு என்ஜின் நின்று நடுக்கடலில் மிதக்கிறது. குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. கடல் நீரைக் குடித்தால் என்ன? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு லிட்டர் சிறுநீரில் நம் சிறுநீரகம் ஏற்றி வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய 20 கிராம். மிச்சத்தையும் வெளியே தள்ள உடம்பு தன் சொந்தத் தண்ணீரிலிருந்து இன்னும் முக்கால் லிட்டரைக் கொடுக்க வேண்டும். குடிக்கக் குடிக்க வறளும்! ஹென்லே வளைவு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சிறுநீரை இவ்வளவாவது செறிவாக்குவது அந்த வளைவுதான். நேராக இருந்தால் இதுவும் முடியாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு நெஃப்ரான் ஆயுசுக்கும் மறக்காது.

மூன்றாவதில் விளையாட்டு குறைவு, உயிர் அதிகம். வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டு கிடக்கிறது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் குடல் போதுமான அளவு வாங்காது. சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் உப்பு ஈடாகாது. இரண்டையும் சரியான அளவில் கலந்தால் வாங்கிக்கொள்ளும். ஏன்? குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும். 1960-ல் ராபர்ட் கிரேன் சொன்னது இது. காலராக் கிருமி குடலைப் புரட்டிப் போட்டாலும் இந்தக் கதவு மட்டும் பழுதாவதில்லை. 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அங்கே 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. மத்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023-ல், அவர் இறந்த பிறகு. சீக்கிரம்தான்!

இந்தப் புதிரை விடுவிக்காத சமூகத்தை ஏமாற்றுவது சுலபம். சர்க்கரை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். கூடினால் குடலுக்குள் செறிவு ஏறி, உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும், போக்கு இன்னும் மோசமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ம் ஆண்டு அளவுப்படி லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதைவிடப் பல மடங்கு சர்க்கரை போட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சுமந்துகொண்டு மருந்துக் கடைகளில் விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்றது. அதுவரை வாங்கியவர்களில் நெஃப்ரானுக்கும் பெருங்குடலுக்கும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது சுமார் 60 சதவீதத்துக்குத்தான். மீதிப் பேர் வீட்டில் உப்பும் சர்க்கரையும் இல்லாமலா போயிருக்கும்?

"விளையாட்டில் போய் என்ன விஞ்ஞானம், பாடத்தை முடிக்கவே நேரமில்லை" என்பார்கள். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஃபோல்டிட் என்று ஒரு புரத மடிப்புப் புதிரை வெளியிட்டார்கள். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்து வருடங்களுக்கு மேல் ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதன் வடிவத்தை 2011-ல் ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் சொல்லிவிட்டார்கள். அவர்களில் பலருக்கு உயிர்வேதியியல் படிப்பே கிடையாது. நேரமில்லை என்கிறவர்களுக்கு அம்புக்குறி போட மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறதோ.

வேதாரண்யத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாலு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு நோயாளி அட்டை கொடுத்தால் போதும். பாத்தியில் மயங்கியவர், படகில் தத்தளிப்பவர், துவண்ட குழந்தை என்று மூன்று ஆயிற்று. நாலாவது அட்டைக்கு டெல்டாவிலேயே சரக்கு உண்டு. காலரா நோயாளிகளுக்கு, குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் போக்கின் அளவு இன்னும் குறைகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை செய்யாததை அரிசி எப்படிச் செய்கிறது? சட்டியில் கஞ்சி வைக்கிற ஊர்ப் பிள்ளைகள் யோசிக்கட்டும்.