மீட்ட நிலம் யார் காவலில்?



போன மாதம் எங்கள் சேரிப் பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். பத்து வருசம் நடையாய் நடந்து, மனுப் போட்டு, மறியல் செய்து அவன் அப்பன் பேருக்குத் திரும்ப வாங்கின ஒன்றரை ஏக்கர் பஞ்சமி நிலம். அதற்கு ‘பவர்’ எழுதிக் கொடுக்கப் போகிறானாம்.

“அண்ணே, தங்கச்சி நர்சிங் படிக்குது. ஃபீஸ் கட்டலேன்னா பரீட்சை எழுத வுடமாட்டாங்க. புரோக்கர் ரொக்கமா தர்றேங்கறான். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. காரணம், எங்க ஆயா சொன்ன கதை. அவன் நிலத்துக்கு அடுத்த காணி எங்களுடையது. தாத்தா தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர்த் தெருவில் நெல்லும் பணமும் கடன் வாங்கினார். வெத்துத் தாளில் கைநாட்டு. மூணாம் வருசம் கழனியில் ஊரான் ஏர் இறங்கியது. “உங்க தாத்தன் குடிச்சே அழிச்சான்னு ஊருல பேசினாங்க. அந்த மனுசன் ஒரு நாளும் குடிச்சதில்ல” என்று ஆயா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு தங்கையின் கல்யாணம். இன்று ஒரு தங்கையின் படிப்பு. நிலம் போகிற வழி மாறவில்லை. இதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

பஞ்சமி நிலம் யாரும் நமக்குப் போட்ட பிச்சை அல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பிலிருந்த டிரமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைக்கூட இவர்கள் கேட்டுப் பெற முடியாதபடி மிராசுதார்கள் முன்னுரிமை பேசித் தடுக்கிறார்கள், குடியிருக்கிற மனைகூட இவர்களுக்குச் சொந்தமில்லை, கடனுக்காக ஆளையே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010ஆம் எண் வருவாய்த் துறை ஆணை. சென்னை மாகாணத்தில் இப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. 10 வருசத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும். மீறினால் நட்ட ஈடு தராமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை.

நம் பாட்டன்மார் தங்கள் பேரோடு ‘ஆதி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதும் சும்மா அல்ல. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்து அந்தப் பேரை அரசேட்டில் ஏற்றினார். இந்த மண்ணின் பூர்வகுடி நாங்கள் என்பது அதன் பொருள். ஆனால் பூர்வகுடி என்று பேர் வந்தது, மண் வரவில்லை. வந்த கொஞ்சமும் தங்கவில்லை.

எப்படிப் போனது? கொஞ்சம் கடனில், கொஞ்சம் அடிதடியில், மிச்சம் மேசைமேல். 1979க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். என்கிற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில், நம் சனங்களின் எத்தனையோ நிலங்கள் அடுத்தவன் பேரில் ஏறின. உழுதவனுக்குத் தெரியாமலே பட்டா மாறியது. இப்படி வாங்கின கிரையம் செல்லாது என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. செல்லாதுதான். ஆனால் செல்லாத தாளை வைத்துக்கொண்டுதானே இத்தனை நிலத்தையும் தின்றார்கள்?

அதைக் கேட்கத்தான் காரணை மக்கள் எழுந்தார்கள். பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். வருசா வருசம் அந்த நாளில் மாலை போடுகிறோம், கோசம் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ரத்தம் கொடுத்து எழுப்பின கேள்வியில் பாதியைத்தான் நாம் பேசுகிறோம். மீட்பது எப்படி என்று பேசுகிறோம். மீட்ட பிறகு காப்பது யார் என்று பேசுவதில்லை.

1892 ஆணையின் நிபந்தனை நல்ல நிபந்தனைதான். அதற்குக் காவல் யார்? அரசு. அன்று அரசு என்றால் கிராமத்தில் யார்? மணியக்காரரும் கர்ணமும். அவர்கள் யார், எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. இன்றும் பட்டா கையில் வந்ததும், தனி ஒருத்தனை, அவன் கடனோடும் நோயோடும் தங்கச்சி படிப்போடும் தனியாக விட்டுவிட்டு நாம் அடுத்த மறியலுக்குப் போய்விடுகிறோம். புரோக்கர் அந்தத் தனி ஆளைத்தான் தேடிவருகிறான்.

ஆதிவாசிச் சனங்கள் இந்த இடத்தில் நம்மைவிட ஓர் எட்டு முன்னே போயிருக்கிறார்கள். மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா என்று ஒரு கோண்டு கிராமம். சுமார் 500 பேர். காகித ஆலைக்குக் காட்டு மூங்கிலை வெட்டக் கொடுத்ததை எதிர்த்து நின்றவர்கள். 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 2009இல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டின்மேல் சமூக உரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகும் மூங்கிலைக் கொண்டுபோக வனத்துறை சீட்டுத் தர மறுத்தது. விடவில்லை. 2011இல் சீட்டுப் புத்தகமே கிராம சபையின் கைக்கு வந்தது. 2013இல் தனித்தனியாக வைத்திருந்த பட்டா நிலத்தையும் கிராமதானச் சட்டப்படி கிராம சபை பேருக்கே எழுதி வைத்தார்கள். உழுவது அவரவர். விற்கத் தனி ஆள் கிடையாது. எந்த முடிவும் எல்லோரும் ஒப்பினால்தான். அதற்கு முன்னால் உட்கார்ந்து படிக்கப் படிப்பு வட்டம் வைத்திருக்கிறார்கள்.

உடனே ஒரு தோழர் கேட்பார்: “அங்க ஒரே சனம். நம்ம கிராம சபையில ஊர்க்காரன் நாற்காலியில, நாம தரையில. அவன் கையிலயா நிலத்தக் குடுக்கறது?” சரியான கேள்வி. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற இடத்தில் ‘கிராமம்’ என்று பொதுவாகப் பேசுவது மோசடி. நான் சொல்வது சேரியின் சபையை.

அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. பஞ்சாபில் பஞ்சாயத்து விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது சட்டம். நம்ம ஆள் ஒருத்தனைப் பினாமியாக நிறுத்திப் பண்ணையாரே ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார். சங்ரூர் மாவட்டத்தில் 2014 முதல் தலித்துகள் நிலம் பெறும் போராட்டக் குழு கட்டி, சேர்ந்தே ஏலம் கேட்டு, சேர்ந்தே பயிர் வைக்கிறார்கள். முன்வரிசையில் நின்றது பெண்கள். மாட்டுக்குப் புல் அறுக்கப் பண்ணையார் வயலுக்குப் போய் அவமானப்பட்டு வந்தவர்கள் அவர்கள்தானே. குத்தகை வருசத்துக்கு வருசம் முடிகிறது, தடியடியும் வழக்கும் தொடர்கிறது. ஆனாலும் ஏலத்தில் ஒருத்தனைத் தனியாகப் பிரித்து வாங்குவது பண்ணையாருக்கு முன்போல் சுலபமில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீசில் பழைய ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். யு.டி.ஆருக்கு முன்னால் யார் பேர், பின்னால் யார் பேர் என்று சர்வே எண் வாரியாக எழுதிச் சேரி நடுவில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.

களத்தில் நிற்கிற தோழர்களுக்கு வேறு வேலை. மீட்ட நிலம் இருக்கிற சேரியில் எல்லாம் ஒரு நிலச் சபை வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பட்டாவில் புருசன் பேரோடு பெண்டாட்டி பேரும். வன உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நாம் ஏன் கேட்கக் கூடாது? வேலிக்காத்தானைச் சேர்ந்து வெட்டுவது, கிணற்றைச் சேர்ந்து தூர் வாருவது, ஏரித் தண்ணீரில் கடைமடைப் பங்கைச் சேர்ந்து கேட்பது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கடன் பெட்டி. விளைச்சலில் ஆளுக்கு ஒரு மரக்கால் என்றாலும் சரி. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, படிப்பு என்று வந்தால் முதலில் தட்டுகிற கதவு அதுவாக இருக்கட்டும்.

அந்தப் பையன் விசயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி சேரியில் இருபத்திரண்டு வீட்டில் கை நீட்டினோம். ஒரு பருவத்து ஃபீஸ் சேர்ந்தது. ‘பவர்’ எழுதவில்லை. அடுத்த ஃபீஸுக்கு ஆறு மாசம் இருக்கிறது. புரோக்கர் போன் நம்பர் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இந்த ஆறு மாசத்துக்குள் எங்கள் சேரியில் அந்தப் பெட்டி வந்தாக வேண்டும். உங்கள் சேரியில்?