தலையெழுத்து என்று சொல்லிப் புதைத்துவிட்டுப் போவதா?

தோட்டத்தில் ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தால் நம்மவர்கள் சொல்வது ஒரே வார்த்தைதான்: தலையெழுத்து! அடுத்த வளைகாப்புக்கு அந்தத் தாயைக் கூப்பிடக்கூடத் தயங்குவார்கள். அவள் என்ன குற்றம் செய்தாள்?

எல்லாச் சாவையும் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் காரணங்களில் பல, கிளினிக்கில் சாதாரணப் பரிசோதனையிலேயே தெரிபவை. இனிப்புநீர், இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, கிருமித் தொற்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். (இதிலாவது முதலிடம் கிடைத்ததே!) கட்டுப்படாத இனிப்புநீர் வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். 28 வாரத்துக்கு முன்பே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பின்னாலும் தொற்று, இரத்த அழுத்தம், இடைவெளி இல்லாத பிரசவம் ஆகியவை இருக்கின்றன. முன்பு ஒரு பிள்ளையை இழந்தவளுக்கு ஆபத்து மேலும் அதிகம். புகைக்கும் கணவன்மார்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

கிளினிக் இலவசம்போலத்தானே என்பார்கள். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்துப் பெண் நாள் சம்பளக்காரி. கிளினிக்குக் காத்திருந்தால் அன்றைய பேர் போச்சு. சிக்கல் என்று மலாக்கா மருத்துவமனைக்கு அனுப்பினால் வண்டிச் செலவு வேறு. பரிசோதனையை அவள் தள்ளிப்போடுவது அறியாமையால் அல்ல, அரிசி வாங்க வேண்டும் என்பதால்.

மருந்தடிக்கும் வேலையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பெண்கள் விஷம் தெளித்து நோயாளியாவதைத் தெனாகானித்தா 2002இலேயே ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு தடை செய்யப்பட்ட பாராகுவாட், 2006இல் திரும்பி வந்தது. முழுத் தடை 2020இல்தான். மற்ற விஷங்கள் இன்னும் ஸ்டோரில் இருக்கின்றன. கர்ப்பிணியின் முதுகில் பம்பை ஏற்றும் மண்டோரை யார் கேட்பது?

தாய்மார்களே, பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். கடைசி மூன்று மாதம் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பிரசவம் என்றால், 22 வாரத்துக்குப் பின் உயிரோடோ உயிரின்றியோ பிள்ளை பிறப்பது. 2012 வரை அது 28 வாரமாக இருந்தது. ஆக, பிள்ளையை இழந்த தாய்க்கும் 2023 முதல் 98 நாள் பிரசவ விடுப்பு உண்டு. வேலை செய்த நாள் போன்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் சம்பளமும் உண்டு. "குழந்தைதான் இல்லையே, லீவு எதற்கு?" என்று கேட்ட கிராணியை எனக்குத் தெரியும். அவள் ஒரே வாரத்தில் வேலைக்காட்டுக்குத் திரும்பினாள். இனி அப்படிக் கேட்டால் மருத்துவமனைக் கடிதத்தோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தனியாக அல்ல, நாலு பேராக.