கிராம சபையில் நம் அன்னையர்

நம் கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் 2022-ல் அரசு சேர்த்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினரே. ஆனால் நம் அன்னையரில் எத்தனை பேர் அங்கே வாய் திறந்திருக்கிறார்கள்?

குழாயடியில் குடத்தோடு காத்து நிற்பவர்கள் அவர்கள். குழாயை எங்கே போடுவதென்று தீர்மானிப்பவர்கள் வேறு. உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கென 2016-ல் தமிழகச் சட்டம் ஒதுக்கிய பின்னும் இதே கதைதான்.

கூச்சம் மட்டுமா காரணம்? ஆகஸ்டு 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. பூசை கண்டு, வீடு திரும்பி, உலை வைத்து நிமிர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு கையெழுத்துக்காகப் பதிவேடு மட்டும் வாசலுக்கு வரும்! மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேராவது கூடினால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. அந்தக் கணக்குக்கு மட்டும் நம் அம்மாக்கள் வேண்டும் போலும்.

வாக்குரிமை இல்லாத மாணவியராகிய நம்மாலும் ஒன்று முடியும். அறிவிப்பைத் தேநீர்க் கடைச் சுவரில்தான் ஒட்டுகிறார்கள். அதை வாசித்து, தேதியையும் நேரத்தையும் அம்மாவிடம் சொல்வோம். பதிவேடு வாசலுக்கு வந்தால், அதில் எழுதியுள்ள தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே பேனாவை நீட்டுவோம்.