தமிழில் மருத்துவம் கற்பிக்கப்பட்டிருக்கிறது

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியாது என்பதைப் படித்தவர்கள் பலரும் முடிந்துபோன தீர்ப்பாகவே பேசுகிறார்கள். நூல் இல்லை, சொல் இல்லை, படித்தாலும் பயனில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அது நடந்தே இருக்கிறது. 1847-ல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தேறியவர்கள் அரசுச் சம்பளத்தைத் தேடி வெளியேறினார்கள். ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் வேண்டும் என்று 1864 முதல் அதே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நூல் இல்லாத குறையையும் அவரே தீர்த்தார். பிரசவ வைத்தியம் 1857-லும் இரண வைத்தியம் 1867-லும் வந்தன. இன்றும் மருத்துவ மாணவர்கள் புரட்டும் கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் முதன்முதலாக வெளியானது 1858-ல். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது 1872-ல். இடையில் 14 ஆண்டுகள்தான்.

சொல்லுக்கு என்ன செய்தார்? தமிழ் மருத்துவத்தில் வழங்கியதை எடுத்தார், வடமொழியில் தேடினார், எங்கும் கிடைக்காதபோது ஆங்கில ஒலிக்கே தமிழ் உடை உடுத்தினார். வேதியியல் ‘கெமிஸ்தம்’ ஆனது அப்படித்தான். அந்த நடை இன்று கரடுமுரடாகத் தெரிகிறது, மெய்தான். ஆனால் சொல் புழங்கப் புழங்கத்தான் மெருகேறும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பூட்டிவைத்துவிட்டு மெருகில்லை என்பது நியாயமா? ஜப்பானில் சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் டச்சு உடற்கூற்று நூலை மொழிபெயர்த்து 1774-ல் வெளியிட்டபோது, நரம்புக்கு ‘ஷிங்கெய்’ என்று புதுச்சொல் படைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானியர் நரம்பை அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆராய்ச்சியெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பது வலுவான ஆட்சேபம். ஆங்கிலம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதை மொழியாகக் கற்று ஆய்விதழ் படிப்பது வேறு, நோயையே அந்த மொழி வழியாக மட்டும் அறிவது வேறு. புறநோயாளிப் பிரிவில் வந்து உட்காரும் அம்மா ‘காலு மதமதங்குது, ராத்திரியில குடைச்சல், உள்ளங்கால் எரியுது’ என்கிறார். மதமதப்பும் குடைச்சலும் எரிச்சலும் வெவ்வேறு உணர்வுகள். நரம்பா, மூட்டா, சர்க்கரையா என்று யோசிக்க அவை தடம் காட்டுகின்றன. எல்லாவற்றையும் ‘பெயின்’ என்று சீட்டில் எழுதும்போது அந்தத் தடம் அழிந்துபோகிறது. வகுப்பறையில் இந்தச் சொற்களுக்கு இடமே இல்லையென்றால் இளம் மருத்துவர் அவற்றை எங்கே கற்பார்?

அப்படியானால் மானிப்பாய் முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கலாம். பதவியும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. அது ஆட்சியின் ஏற்பாடு. தமிழின் இயலாமைக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. கிறீனின் தமிழ் வகுப்புகளையும் சேர்த்து அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் 60-க்கும் மேல். முடியாது என்று சொல்பவர்கள் முதலில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லட்டும்.