ஃபார்மட் பண்ணாதீங்க மக்களே!

லினக்ஸ் பூட் ஆகலையா? ஹாஸ்டல்ல உடனே தீர்ப்பு வரும்: "ஃபார்மட் பண்ணிடு மச்சி!" போன செமஸ்டர்ல அதைக் கேட்டு என் ரூம்மேட் பாதி ப்ராஜெக்ட்டை இழந்தான். உண்மையில் அவன் டேட்டா எல்விஎம் வால்யூமில் பத்திரமா இருந்தது. கெட்டது கிரப் பூட்லோடர் மட்டும்தான்.

கிரப்பை லாஜிக்கல் வால்யூமுக்குள்ள போடாதீங்க. பயாஸ் மெஷின்னா முழு டிஸ்க்கைக் காட்டணும். யுஇஎஃப்ஐ-ன்னா எல்விஎம்முக்கு வெளியே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். லைவ் யுஎஸ்பியில் பூட் பண்ணி, வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்து, எல்லாத்தையும் மவுண்ட் பண்ணி, க்ரூட்டுக்குள்ள போய், கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. அவ்வளவுதான்.

தெரியாதது தப்பில்லை. தெரிஞ்சுக்காமலே அழிக்கிறதுதான் தப்பு. பூட்டு ரிப்பேர்னா பூட்டை மாத்துவோமா, வீட்டை இடிப்போமா? நாமெல்லாம் இன்ஜினியர்ஸ் பாஸ்!